கிரைப் வாட்டர் சோறு

1. செவ்வாய்க்கிழமைச் செய்தி

விருந்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை மெல்பேர்ன் நோபல் பார்க்கில் உள்ள எங்கள் கேட்டரிங் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மணப்பெண் தர்ஷினி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் கார்த் திறப்பு, முகத்தில் பாதி சிரிப்பு, பாதி பயம்.

“சுகந்தி அன்ரி, ப்ளீஸ், கோவிக்கக் கூடாது. ஒண்டு சொல்லோணும்.”

“சொல்லு பிள்ளை.”

“ஆரஷின்ர அம்மா ஞாயிற்றுக்கிழமை தன்ர கையால சோறு சமைச்சு ஹோலுக்குக் கொண்டுவரப் போறா. உங்களுக்குத் தெரியாமல். இட்ஸ் எ சீக்ரட்.”

“ஆருக்குச் சோறு? மாப்பிள்ளை ஆரஷுக்கோ?”

“நோ அன்ரி. எல்லாருக்கும்.”

எல்லாருக்கும் என்றால் இருநூற்றைம்பது பேருக்கு. கத்தியைக் கீழே வைத்தேன். பின்னால் கிடாரம் கழுவிக்கொண்டிருந்த ஜெயம் அண்ணை தண்ணீர்ப் பைப்பை மூடிவிட்டுக் காதைத் தீட்டினார்.

“என்னெண்டு? வீட்டுக் குசினியிலயோ?”

“அவவின்ர அக்கா, தங்கச்சி, பக்கத்து வீட்டு அன்ரிமார், எல்லாரும் ஆளுக்கொரு பெரிய பானை. காய்ஞ்ச டில் இலையே மூண்டு சாக்கு வாங்கிட்டினம். உங்களுக்குச் சொன்னா நீங்கள் ஹேர்ட் ஆவீங்களாம். அதுதான் சொல்லேல்லை.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது சிரிப்பு. இரண்டு கிழமைக்கு முன்னர்தான் அந்த அம்மா நான் சமைத்த டில் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு நெஞ்சில் கைவைத்து என்னைப் புகழ்ந்திருந்தார். இருபது வருடத் தொழிலில் அப்படி ஒரு புகழ்ச்சியை நான் கேட்டதேயில்லை. அன்று வானை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும்போது ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு போனவள் நான்.

2. டேஸ்டிங்

இப்போது கேட்டரிங் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து, “அன்ரி, டேஸ்டிங் எப்பிடிச் செய்யிறது?” என்று கேட்பதுண்டு. இந்தக் கதையை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தர்ஷினியின் அப்பா நேசன் அண்ணை. எங்கள் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்தார் பாதிப் பேருடைய இரத்த அழுத்தம் அவருக்கு மனப்பாடம். மாப்பிள்ளை ஆரஷ், ஈரானியக் குடும்பம். அவனுடைய அம்மா பர்வீன், டொன்காஸ்டரில் வீடு. சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் தாலி கட்டு, ஞாயிறு மாலை டண்டினோங் பக்கம் ஒரு ஹோலில் விருந்து. விருந்துக்குச் சாப்பாடு என் பொறுப்பு.

தர்ஷினிக்கு ஒரே ஒரு பிடிவாதம். “ரெண்டு பக்கத்துக்கும் ரெண்டு சோறு வேண்டாம் அன்ரி. எல்லாரும் ஒரே சோறு சாப்பிடோணும். அவையின்ர சோறு, எங்கட கறி.”

அவையின்ர சோறு என்றால் டில் என்ற வாசனை இலையும் பிராட் பீன்ஸும் போட்ட பாஸ்மதிச் சோறு. அவர்கள் வீட்டில் அதைக் காய்ந்த டில்லில்தான் செய்வார்களாம். எனக்கு மிகவும் சந்தோஷம். பச்சை இலை என்றால் இருநூற்றைம்பது பேருக்குக் கட்டுக் கட்டாகக் கழுவி, மண் போக்கி, தண்டு ஆய்ந்து, அரிந்து முடிக்க ஒரு நாள் போய்விடும். காய்ந்தது என்றால் பையை வெட்டிக் கொட்டினால் சரி. அப்படித்தான் நினைத்தேன்.

சூப்பர்மார்க்கட்டில் சின்னப் போத்தல்களில் இருந்ததை வாங்கிவந்து, எனக்குத் தெரிந்த வழியில் சமைத்தேன். நெய்யைக் காயவைத்தேன், சீரகம் போட்டேன், கறிவேப்பிலை தாளிப்பதுபோல டில்லையும் போட்டேன். ஒரு சத்தமும் இல்லாமல் அது கறுத்துப்போனது. பச்சை நிறம் இல்லையே என்று, சோறு வெந்த பிறகு மேலே இன்னும் கொஞ்சம் தூவினேன், கொத்தமல்லித்தழை தூவுவதுபோல. கீழே எரிந்த இலை, மேலே நனையாத இலை.

ஜெயம் அண்ணை ஒரு பிடி வாயில் போட்டார். கொழும்பில் பெரிய ஹோட்டலில் சமைத்தவர். எங்களுடைய சோற்றுக் கிடாரங்களுக்கு அவர்தான் ராசா. கண்ணை மூடி மென்றார்.

“சுகந்தி, இந்த மணம் எனக்குத் தெரியும். எங்கேயோ குடிச்சிருக்கிறன்.”

“சோத்தை எங்க அண்ணை குடிச்சனீங்கள்?”

“பொறு... கிரைப் வாட்டர்! பிள்ளையளுக்கு வயித்துக்குத்துக்குப் பருக்கிறது! எடியே, கலியாணத்துக்குக் கிரைப் வாட்டர் சோறோ குடுக்கப் போறாய்?”

அன்று பின்னேரம் டேஸ்டிங், அதாவது வீட்டுக்காரர் வந்து ருசி பார்ப்பது. பர்வீன், ஆரஷ், தர்ஷினி, நேசன் அண்ணை நான்கு பேரும் மேசையில். பர்வீன் என் வயதுக்காரி. மெதுவான ஆங்கிலம், ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் மரியாதை வழியும். அவர் ஒரு கரண்டி சாப்பிட்டார். கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்டேன்.

“சுகந்தி ஜான்,” என்றார். ‘ஜான்’ என்றால் அன்பே, உயிரே என்று பொருளாம். “என் வாழ்நாளில் இப்படி ஒரு சோற்றை நான் சாப்பிட்டதில்லை.”

அது முழு உண்மை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

“உங்கள் கை நோகாமல் இருக்கட்டும்,” என்று எழுந்து நின்றார். நான் என் கையைப் பார்த்தேன். முதல்நாள் எண்ணெய் தெறித்து விரலில் ஒரு கொப்புளம். இவ்வளவு புகழ்ச்சிக்கு நடுவிலும் என் கொப்புளத்தைக் கவனித்திருக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுசி என்று உருகிப்போனேன். அது அவர்கள் சமைத்தவருக்கு வழமையாகச் சொல்லும் உபசாரம் என்பதை ஆரஷ் எனக்குச் சொல்லவில்லை. அவன் தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

நேசன் அண்ணை இரண்டாவது கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய், நிறுத்தி, மணந்து பார்த்தார்.

“தங்கச்சி, இது சதகுப்பையின்ர இலை எல்லே?” என்று எனக்கு மட்டும் கேட்கத் தமிழில் சொன்னார். “கிரைப் வாட்டருக்குப் போடுற எண்ணெய் இதின்ர விதையிலதான் எடுக்கிறது. ஐயோ, சனம் என்னை விடாது. பாமசிக்காரன் மகளின்ர கலியாணத்துக்கும் மருந்து கலக்கிப்போட்டான் எண்டு சொல்லுவினம்.”

“சம்பந்திக்குப் பிடிச்சிருக்கே அண்ணை!”

“ஓம், அது சரிதான்,” என்று பெருமூச்சு விட்டார்.

பர்வீன் போகும்போது ஒரு பெட்டி நிறையச் சோறு கட்டிக் கொடுத்தேன். வேண்டாம், வேண்டாம் என்று மூன்று தடவை மறுத்தார். எல்லாம் மரியாதைக்கு என்று நினைத்து, பெட்டியைக் கைப்பைக்குள் திணித்தே விட்டேன்.

3. மேசைவிரிப்புக்குக் கீழே

மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

சிரித்து முடிய ஒரு பயம் பிடித்தது. அந்த ஹோலில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பதிவு செய்த குசினிக்காரர் சமைத்த சாப்பாடு மட்டும்தான் உள்ளே போகும். வீட்டில் சமைத்தது வாசலைத் தாண்டாது. ஞாயிறு மாலை அம்மாமார் விருந்துச் சட்டை மினுங்க, ஆளுக்கொரு பானையோடு வாசலில் நிற்பார்கள். மனேஜர் கையை விரித்துக்கொண்டு குறுக்கே நிற்பார். சம்பந்தி வீட்டாரை வாசலில் மறித்த கலியாணம் என்று மெல்பேர்ன் முழுக்க அதைத்தான் கதைப்பார்கள். தர்ஷினி புகுந்த வீட்டில் எப்படி நிமிர்ந்து நிற்பாள்?

“போன் எடுத்துச் சொல்லு,” என்றார் ஜெயம் அண்ணை.

“போன் எடுத்தா திரும்பவும் என்னைப் புகழுவா அண்ணை. ஒண்டும் நடக்காது. நேர போறன்.”

தர்ஷினியின் காரிலேயே டொன்காஸ்டருக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை. மணி அடித்ததும் உள்ளே ஒரு சலசலப்பு, கதிரை இழுபடும் சத்தம், ‘ஷ்ஷ்’ என்ற சத்தம். கதவு திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“சுகந்தி ஜான்! என்ன பாக்கியம்! வாருங்கள், தேநீர்!”

வரவேற்பறை முழுக்க டில் மணம். ஐந்து பெண்கள் வரிசையாக, போட்டோவுக்கு இருப்பதுபோல, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய உள்ளங்கையும் பச்சை. நடுத்தரையில் பூப்போட்ட மேசைவிரிப்பு ஒன்று விரித்திருந்தது. விரிப்புக்குக் கீழே இடுப்பு உயரத்துக்கு ஒரு குன்று.

நான் குன்றைப் பார்க்காத மாதிரி இருந்தேன். அவர்கள் குன்று இல்லாத மாதிரி இருந்தார்கள். தேநீர் வந்தது. பிஸ்தா வந்தது. வெள்ளரிக்காய், திராட்சை, ஒரு தட்டில் ஏதோ இனிப்பு. குளிர் கூடவா, டிராஃபிக் எப்படி என்று கதைத்தோம். தர்ஷினி கையால் வாயைப் பொத்திக்கொண்டு யன்னலைப் பார்த்தாள்.

குன்றுக்கு மிக அருகில் இருந்த அம்மா பர்வீனின் அக்கா. அவருடைய மூக்கு மெதுவாகச் சுருங்குவதைக் கண்டேன். அடக்கிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு அவர் போட்ட தும்மலில் மேசைவிரிப்பு ஒரு முழம் எழும்பியது. பச்சைத் தூள் புகைபோலக் கிளம்பி, தேநீர்க் கோப்பைக்குள்ளும், இனிப்பின் மேலும், என் மூக்குக்கண்ணாடியிலும் வந்து இறங்கியது.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த இடத்தில் பச்சைக் கோடு. அவ்வளவுதான். அக்காவிலிருந்து சிரிப்புத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அம்மா நிலத்தில் சரிந்தே விட்டார். நான் சிரித்த சிரிப்பில் பிஸ்தா தொண்டையில் மாட்டுப்பட்டு, தர்ஷினி முதுகில் தட்ட வேண்டி வந்தது.

“பர்வீன்,” என்றேன் மூச்சு வந்ததும். “உண்மையைச் சொல்லுங்கோ. என்ர சோறு நல்லாயில்லைத்தானே?”

“இல்லை இல்லை! அருமை!”

“பர்வீன்.”

“அருமை. ஆனால் கொஞ்சம்... வித்தியாசம்.”

“மாமான், ப்ளீஸ்!” என்று தர்ஷினி அதட்டினாள். ‘மாமான்’ என்றால் அவர்களுக்கு அம்மா.

பர்வீன் இரண்டு பச்சைக் கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. “புல் வெட்டிக் காயப்போட்டு, பிறகு யாரோ அதற்கு நெருப்பு வைத்தது மாதிரி இருந்தது, சுகந்தி ஜான். என்னை மன்னியுங்கள். நீங்கள் பெட்டியிலும் போட்டுத் தந்தீர்கள். நாய் கூட...”

“நாய் கூட?”

“நாய் மணந்து பார்த்தது. பிறகு தோட்டத்துக்குப் போய்விட்டது.”

எங்கள் வாழ்க்கையில் அதுவரை ஒருவரையொருவர் நான்கு தடவைதான் கண்டிருப்போம். அந்த இடத்தில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஹோல் விதியைச் சொன்னபோது ஆறு பேருக்கும் முகம் விழுந்துபோனது. பானைகள் எல்லாம் இரவல் வாங்கி முடிந்திருந்தன.

“பானை வேண்டாம்,” என்றேன். “ஆக்கள் வாங்கோ. ஞாயிறு விடிய ஹோல் குசினி என்ர பொறுப்பில இருக்கும். என்ர உதவியாக்கள் எண்டு உள்ளுக்கு விடுவன். சோத்துக்கு நீங்கள் பொறுப்பு, குசினிக்கு நான் பொறுப்பு. இப்ப எனக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ.”

அன்று பர்வீன் ஒரு சின்னப் பானையில் செய்து காட்டினார். அரிசியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிநீரில் போட்டு, நடுவில் கொஞ்சம் கடினமாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். பிறகு அதே பானையில் எண்ணெய் விட்டு, ஒரு அடுக்குச் சோறு, ஒரு அடுக்கு பிராட் பீன்ஸும் டில்லும், மறுபடி சோறு. டில்லைப் போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்துத் தூவுவார். நான் போட்டதைவிட ஐந்தாறு மடங்கு. மூடியைத் துவாய்த் துணியால் சுற்றி இறுக்கி, மெல்லிய நெருப்பில் விட்டுவிடுவார். கிளறல் இல்லை. திறந்து பார்த்தல் இல்லை.

மூடியைத் திறந்ததும் வந்த ஆவியில் நான் ஒரு அடி பின்னால் போனேன். அதே காய்ந்த இலைதான். ஆனால் புல் மணம் எங்கே போனதென்று தெரியவில்லை. இனிப்பாக, ஈரமாக, மழைக்குப் பிறகு தோட்டத்தில் நிற்பது போன்ற மணம். காய்ந்த டில்லுக்குச் சூட்டு எண்ணெய் எமன். அதற்கு வேண்டியது ஆவியும் மேலும் கீழும் ஒரு சோற்றுப் போர்வையும்.

நான் இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். மரியாதைக்கு அல்ல.

4. அடிப்பிடித்த கிடாரம்

ஞாயிறு காலை ஆறு பெண்களும் சலூனில் தலைமயிர் செட் பண்ணிக்கொண்டு நேரே ஹோல் குசினிக்கு வந்தார்கள். சுருள், கொண்டை, ஸ்பிரே, எல்லாவற்றுக்கும் மேலே நான் கொடுத்த வலைத் தொப்பி. முகத்தில் முழு மேக்கப், உடம்பில் என் கேட்டரிங் ஏப்ரன். ஜெயம் அண்ணை அன்று அதிகாலையிலேயே ஷேவ் எடுத்து, மீசையையும் சீவியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வேலை ஓடியது. ஒருவர் டில் தேய்க்க, ஒருவர் பீன்ஸ் தோல் உரிக்க, ஒருவர் பாட்டுப் பாட, என் மட்டன் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் பக்கத்து அடுப்புகளில் கொதிக்க, குசினி முழுக்க ஒரே கொண்டாட்டம். அரிசி வடிக்கும் ஆவியில் பர்வீன் குனிந்து நிமிர்ந்தார். நான் அவரை ஏறிட்டுப் பார்த்தேன். ஒரு கண் பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் இருந்தது.

“பர்வீன், உங்கட இமை எங்கே?”

ஒட்டிய இமைமயிரில் ஒன்றைக் காணவில்லை.

“எல்லாரும் கையை எடுங்கோ!” என்று கத்தினேன். சாப்பாட்டில் ஒரு மயிர் விழுந்தாலே இந்தத் தொழிலில் பெயர் போய்விடும். இது கொத்தாக, வளைத்து வைத்த மயிர். கிடாரத்துக்குள் போயிருந்தால் அந்தக் கிடாரம் முழுவதும் குப்பைக்கு. வடிதட்டைப் பார்த்தோம். மேசைக்குக் கீழே பார்த்தோம். ஆறு பெண்களும் தரையில் தவழ்ந்தார்கள். ஜெயம் அண்ணை மட்டும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, “உங்கட வேலையளை ஒழுங்காப் பாத்தா இப்பிடி நடக்குமோ?” என்று தமிழில் புத்தி சொல்லிக்கொண்டு நின்றார்.

பர்வீனின் அக்கா தவழ்ந்தபடியே தலையை நிமிர்த்தினார். ஜெயம் அண்ணையின் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையை நீட்டினார். அவருடைய மீசையின் இடப்பக்க நுனியில், இன்னொரு குட்டி மீசைபோல, இமை ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் வேலை செய்யவில்லை. முடியவில்லை. ஜெயம் அண்ணை மீசையைக் கழுவிவிட்டு வந்து, மிகவும் கடுமையான முகத்தோடு அடுப்படியில் நின்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பர்வீன் அடுத்த விஷயத்தைச் சொன்னார். கிடாரத்தின் அடியில் எண்ணெயும் தயிரும் குங்குமப்பூவும் கலந்த சோற்றைப் பரப்பி, அது பொன்னிறமாக இறுகி அடிப்பிடிக்கும்வரை விட வேண்டும். அந்த அடிச்சோறுதான் அவர்களுக்குப் பெரிய ருசியாம்.

“என்ன சொல்லுறா?”

“அடிப்பிடிக்க விடட்டாம் அண்ணை.”

“எனக்கோ? அடிப்பிடிக்க விடவோ?” ஜெயம் அண்ணை நெஞ்சில் கைவைத்தார். “என்ர சீவியத்தில ஒரு கிடாரம் அடிப்பிடிச்சதெண்டு ஆரும் சொன்னவையோ? ஹோட்டலிலயே கேட்டுப் பாக்கட்டும்! வேணுமெண்டு கருக்கிறதுக்கு நான் என்னத்துக்கு?”

“கருக்கிறதில்லை அண்ணை. பொன்னிறமாம்.”

“பொன்னிறத்துக்கு அடுத்த வீடு கரி!”

ஆனாலும் அடுக்கினார்கள், மூடினார்கள், துவாய் சுற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து சடசட என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தம் ஜெயம் அண்ணைக்குத் தாங்கவில்லை. நான் மற்றப் பக்கம் திரும்பியிருந்தபோது நீள அகப்பையை எடுத்துக்கொண்டு மூடியில் கை வைத்துவிட்டார். பர்வீன் பாய்ந்து அகப்பையின் மறுமுனையைப் பிடித்தார். இவர் தமிழில், அவர் ஃபார்ஸியில்.

“விடுங்கோ தங்கச்சி, பத்தப் போகுது!”

அவர் என்ன சொன்னாரோ தெரியாது. ஆனால் பார்த்த எவருக்கும், ‘தொட்டால் கொன்றுவிடுவேன்’ என்று விளங்கியிருக்கும். அகப்பை இருபக்கமும் இழுபட்டது. கடைசியில் ஜெயம் அண்ணை விட்டுக்கொடுத்தார். அடுப்பை நோக்கி முதுகைத் திருப்பிக் கதிரை போட்டு உட்கார்ந்து, காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டார்.

5. ஹோல்

மாலை ஆறு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பஃபே மூடிகளின் இடுக்கால் ஆவி கசிந்து ஹோல் முழுக்கப் பரவியது. நான் குசினிக் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கட பக்க மேசைகளில் மூக்குகள் உயர்ந்தன. ஒரு அங்கிள் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்தார். அவர் தனக்கு அடுத்தவரிடம் குனிந்தார். மேசை மேசையாக ஒரு சிரிப்பு நடந்து போனது. பர்வீன், இரண்டு இமையும் ஒட்டி, நீலச் சட்டையில் மேடைக்கருகே இருந்தார். எங்கள் பக்கம் ஏன் சிரிக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. சிரித்த முகத்தோடு இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

நேசன் அண்ணை கதைக்க எழும்பினார். எழுதி வைத்திருந்த பேச்சை எடுத்தார். கீழே பார்த்தார். ஹோலைப் பார்த்தார். பேச்சை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

“எல்லாருக்கும் ஒரு மணம் வருகுது எண்டு தெரியும்,” என்றார். “ஓம். நீங்கள் நினைக்கிறது சரி. கிரைப் வாட்டர்தான்.”

ஹோல் சிரிப்பில் வெடித்தது.

“இந்த ஊரிலை எத்தினை பேருக்கு நான் என்ர கடையில கிரைப் வாட்டர் வித்திருக்கிறன்! அண்டைக்கு உங்கட பிள்ளையளுக்குப் பருக்கினீங்கள். இண்டைக்கு நீங்கள் சாப்பிடுங்கோ. என்ர சம்பந்தி அம்மா, பெடியனின்ர தாய், கலியாண விருந்து நாளிலை விடிய எழும்பி இந்த ஹோல் குசினியில நிண்டு, தன்ர கையாலை உங்களுக்கெண்டு சமைச்சவா. இப்பிடி ஒரு சம்பந்தி ஆருக்குக் கிடைக்கும்? இண்டைக்கு இரவு ஒருத்தருக்கும் வயித்துக்குத்து வராது. பாமசிக்காரன் கரண்டி!”

அவர் சொன்னது சோற்றுக் கரண்டியை அல்ல, காரண்டியை, உத்தரவாதத்தை. பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். இந்த முறை ஈரானியப் பக்கமும் சேர்ந்து சிரித்தது. பர்வீன் எழும்பி நின்று நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். எங்கட சனம் கைதட்டின தட்டில் குசினிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

சாப்பாடு தொடங்கியது. மட்டன் கறியும் டில் சோறும் சேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கட மிளகாய்த்தூளின் காரத்துக்கு அந்த இனிப்பு மணம் நல்ல சோடி. இரண்டாந்தரம் வந்தார்கள், மூன்றாந்தரம் வந்தார்கள். அங்கால் ஈரானிய மாமா ஒருவர் கண்ணால் தண்ணீர் ஓட ஓட மட்டன் கறி போட்டுக்கொண்டிருந்தார். நான் அவருடைய வாயைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தேன். வழித்துத் துடைத்திருந்தார்.

கிடாரம் காலியானதும் ஜெயம் அண்ணை தயங்கித் தயங்கி அடியைச் சுரண்டினார். பொன் தகடுபோல ஒரு துண்டு ‘டக்’ என்று எழும்பி வந்தது. கடித்துப் பார்த்தார். இன்னொரு துண்டை எடுத்தார். அதையும் வாயில் போட்டார். அதற்குள் ஈரானியப் பக்கத்தில் ஒருவர் அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டுவிட்டார். எழும்பி வந்தார். பின்னால் இன்னொருவர். இரண்டு நிமிடத்தில் குசினிக் கதவிலிருந்து ஹோலின் நடுவரைக்கும் ஒரு லைன்.

எங்கட சனம் லைனைக் கண்டால் விடுமா? ஒவ்வொருவராக எழும்பிப் பின்னால் போய் நின்றார்கள்.

“இது என்ன லைன் அண்ணை?”

“தெரியாது. நீ முதல் நில்லு.”

பட்டுச் சீலையும் வேட்டியும் ஈரானியக் கோட்டுகளும் கலந்து நின்ற அந்த வரிசைக்கு முன்னால், ஜெயம் அண்ணை கோயில் ஐயர் பிரசாதம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு துண்டு அடிச்சோறு கொடுத்தார். “ஒராளுக்கு ஒண்டுதான்! தள்ளாதேங்கோ! நானே அடிப்பிடிக்க விட்டது, சொல்லிப்போட்டன்!” என்று கத்திக்கொண்டிருந்தார். பர்வீனின் அக்காவுக்கு மட்டும் இரண்டு துண்டு போனதை நான் கண்டேன்.

பர்வீன் வரிசையில் வரவில்லை. குசினிக்குள் வந்து எனக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அந்த நீலச் சட்டையோடு உட்கார்ந்தார். தட்டில் சோறு. ஒரு கரண்டி சாப்பிட்டார். யோசித்தார்.

“சுகந்தி,” என்றார். “உப்புக் குறைவு.”

நான் சாப்பிட்டுப் பார்த்தேன். குறைவுதான். இரண்டாவது கிடாரத்து அரிசிக்கு ஊறப்போட்ட தண்ணீரில் நான்தான் உப்பைக் குறைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக ஒரு குறையை நான் என் தொழில் முழுவதிலும் கேட்டதில்லை. உப்புப் போத்தலை எடுத்து நீட்டினேன். அவர் தன் தட்டிலும் என் தட்டிலும் தூவினார்.

6. பிள்ளைகளுக்கு

காய்ந்த டில் வாங்கினால் சின்னப் போத்தலில் வாங்காதீர்கள். டண்டினோங் ஆப்கான், ஈரான் கடைகளில் பையில் விற்கிறார்கள். மணந்து பார்த்து வாங்குங்கள். மணம் இல்லாவிட்டால் அது வெறும் புல். சூட்டு எண்ணெயில் போடாதீர்கள். மேலே சும்மா தூவாதீர்கள். கையில் தேய்த்து, ஈரமும் ஆவியும் உள்ள இடத்தில் போட்டு மூடிவிடுங்கள். பருப்புக்கும், உருளைக்கிழங்குப் பிரட்டலுக்கும், இறால் சொதிக்கும்கூட நான் பிறகு போட்டுப் பார்த்தேன்; அடுப்பை அணைக்கச் சற்று முன் போட்டு மூடினால் சரி. கொஞ்சமாகப் போட்டால் கிரைப் வாட்டர், தாராளமாகப் போட்டால் விருந்து. ஏன் அப்படி என்று எனக்கு இன்னும் தெரியாது.

டேஸ்டிங்குக்கு வருகிறேன். “எப்பிடி இருக்கு?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு நல்ல மனுசர் எல்லாருக்கும் ஒரே பதில்தான் இருக்கும். நான் அந்த ஞாயிறுக்குப் பிறகு, தொழிலை விடும்வரைக்கும், எந்த வாடிக்கையாளருக்கும் அதைக் கேட்கவில்லை. தட்டை முன்னால் வைத்து, உப்புப் போத்தலையும் பக்கத்தில் வைத்து, “என்ன குறை?” என்று கேட்டேன். முதலில் திடுக்கிடுவார்கள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்பார்கள். நான் பேசாமல் இருப்பேன். கொஞ்ச நேரத்தில் கை உப்புப் போத்தலுக்குப் போகும், அல்லது ஒரு கதை வரும், அல்லது சிரிப்பு வரும். அதற்குப் பிறகுதான் நான் பேனாவை எடுத்து ஓர்டரை எழுதத் தொடங்குவேன்.